நான் வாங்கிய இருபத்து மூன்று கையெழுத்துகள்

ஜெர்மனியில், மியூனிக் பக்கத்துக் கார்ஹிங்கில் படிக்கும் ஒரு தம்பி போன மாதம் எனக்கு எழுதியிருந்தார். தமிழ்நாட்டுப் பிள்ளை. தொழிற்பாதுகாப்பில் முதுகலைப் பட்டம் முடிக்கப் போகிறார். விண்ணப்பித்த இடமெல்லாம் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்களாம். "யாருமே வேலைக்கு எடுக்கலைன்னா எக்ஸ்பீரியன்ஸ் எங்கேருந்து வரும் ஆன்ட்டி?" என்று கேட்டிருந்தார். கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம் ஆகும் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று பதில் போட்டேன். அவர் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பிவிட்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

கேள்வி நியாயமானது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற நீங்கள் எல்லோரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறீர்கள். நான் எப்படி நுழைந்தேன் என்று சொல்கிறேன். சொன்னபிறகு என்னிடம் யோசனை கேட்டது சரியா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாண் தொழிற்சாலை. இந்தியத் தம்பிமார் பிரெட் என்பீர்கள், எங்களுக்கு அது பாண். அங்கே பதினான்கு வருடம் இயந்திரங்கள் கழுவினேன். ஒவ்வொரு பிரிவிலும் தொழிலாளர்களில் ஒருவரைப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக வைக்கவேண்டும் என்பது இந்த நாட்டு விதி. சம்பளம் கூடாது, திட்டு மட்டும் கூடும். எங்கள் பிரிவில் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போனதும், மேற்பார்வையாளர் எல்லோரையும் கூட்டி யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்கள். நான் மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் அந்தப் பதவி எனக்கு வந்தது.

அனுபவம் இல்லாமல் நுழைவதற்கு என்னிடம் உள்ள ஒரே வழி அதுதான் பிள்ளைகளே. யாருக்கும் வேண்டாத வேலையை எடுங்கள். எடுத்தபிறகு என்ன செய்யக்கூடாது என்பதற்குத்தான் மிச்சக் கதை.

அந்தக் கூடத்தில் தமிழர் இருபத்து மூன்று பேர் வேலை செய்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு விளக்கம் நடக்கும். உண்டர்வைசுங் என்பார்கள். மேற்பார்வையாளர் ஜெர்மன் மொழியில் வாசிப்பார், நான் தமிழில் சொல்வேன், எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைப்பார்கள். மற்ற மொழிக்காரருக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. என் கூட்டத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. எங்கள் சனம் கையெழுத்து வைப்பதற்குப் பஞ்சிப்படுவதில்லை. பெர்லின் ஷோனெஃபெல்டில் விமானத்தால் இறங்கிய நாளிலிருந்து எத்தனையோ அந்த்ராக்கில், அதாவது விண்ணப்பத்தில், கையெழுத்து வைத்துப் பழகிய கை. வாசிப்பதற்குத்தான் பஞ்சி, சோம்பல்.

ஒருமுறை விளக்கம் முடியும் நேரத்தில் யோகன் கை தூக்கினான். வவுனியாப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். ஆட்களை வாடகைக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் மூலம் எங்களிடம் வேலைக்கு வந்தவன்.

"அக்கா, உதிலை ஃப்ரைஷால்ட்டன் எண்டு ஒரு சொல் கிடக்கு. அப்பிடியெண்டால் என்ன?"

திருத்த வேலைக்கு முன் இயந்திரம் ஃப்ரைஷால்ட்டன் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. மேற்பார்வையாளர் ஏற்கெனவே அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு அவர் தேவைப்படவும் இல்லை. அந்தச் சொல் எனக்குத் தலைகீழ்ப் பாடம். என் கணவர் அப்போது ஊருக்குப் பேசும் போன் கார்ட் விற்கும் கடை வைத்திருந்தார். சனி, ஞாயிறில் நான்தான் கடையில் நிற்பேன். கார்ட் வேலை செய்யவில்லை என்று ஆட்கள் வந்தால், கம்பனிக்கு எடுத்து இலக்கத்தைச் சொல்லி, ஃப்ரைஷால்ட்டன் செய்யச் சொல்லுவேன். கார்ட் வேலை செய்யத் தொடங்கிவிடும். நாளுக்குப் பத்துத் தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன்.

"உது தெரியாதே? போன் கார்ட்டுக்கு உயிர் குடுக்கிறமெல்லோ, அதுதான். மெசினுக்குக் கரண்ட் குடுத்து விடுறது."

"ஓம் அக்கா" என்று அவன் கையெழுத்து வைத்தான். கேட்டுக்கொண்டிருந்த மற்ற இருபத்திரண்டு பேரும் வைத்தார்கள்.

திருத்துவதற்கு முன் எதற்கு மின்சாரம் கொடுக்கவேண்டும் என்று எனக்கே ஒரு கணம் இடறியது. இதை மறைக்கமாட்டேன். ஜெர்மன்காரன் எழுதினால் ஏதாவது காரணம் இருக்கும், ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அதற்கு அடுத்த வருடம் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பொறியியலாளர் என்னைத் தன் அலுவலகத்துக்கு எடுத்தார். என்னைவிடப் பதினொரு வயது இளைய பெண், அதிகம் பேசமாட்டார். இயந்திரங்களின் உட்பக்கம் எல்லாம் கழுவிக் கழுவி எனக்குத் தெரியும் என்பதால் எடுத்தார். ஆறு மாதம் சோதனைக்காலம். சரிவந்தால் மேலே படிக்க அனுப்புவார்கள், சரிவராவிட்டால் திரும்பவும் ஈரத்தரை. உற்பத்தி மேலாளர் ஒருவர், விளக்குமாறு பிடித்தவளுக்கு மேசை எதற்கு என்று என் காதில் விழும்படியே சொன்னார். என் முழங்கால்கள் இரண்டும் அதற்குள் தேய்ந்துபோயிருந்தன. இன்னொரு வருடம் என்னால் குந்தியிருந்து கழுவியிருக்க முடியாது. அந்தக் கதிரை எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

ஏழாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணிக்குச் சற்று முன். பயிற்சிப் புத்தகம் ஒன்றை அகராதியோடு வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் படம் போட்டிருந்தது. ஒரு கை பிரதான சுவிட்சைப் பூச்சியத்துக்குத் திருப்புகிறது. கீழே ஃப்ரைஷால்ட்டன் என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு கவனமான ஆட்களும் படத்தை மாற்றிப் போட்டுவிட்டார்களே என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பொறியியலாளரிடம் போய், விரலை வைத்துக் காட்டினேன்.

"இங்கே ஒரு பிழை இருக்கிறது."

அவர் பார்த்தார். "பிழை இல்லையே. மின்சாரத்திலிருந்து விடுவிப்பது. போனுக்குச் சொன்னால் வேறு அர்த்தம், இயந்திரத்துக்குச் சொன்னால் இதுதான் அர்த்தம். ஏன், நீங்கள் என்னவென்று நினைத்தீர்கள்?"

"ஒன்றுமில்லை" என்றேன்.

திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். இருபத்து மூன்று பேரும் தலைக்குள் வரிசையாக நின்று ஓம் ஓம் என்றார்கள். அப்போது நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? எழுந்து ஓடினேனா? இல்லை. இருந்து திட்டம் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்குப் போய், ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, தமிழிலேயே திருத்திச் சொல்லிவிடலாம். இவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. விஷயம் எங்களுக்குள் முடிந்துவிடும். யாரை முதலில் கூப்பிடுவது என்றுகூட ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன்.

பொறியியலாளரின் மேசையில் இருந்த, கூடத்துச் செய்திகளைக் கேட்க மட்டுமே முடிந்த வானொலிக் கருவி கரகரத்தது. மூன்றாவது வரிசை நின்றுவிட்டது, அச்சு கவிழ்க்கும் இடத்தில் அடைப்பு, திருத்துவதற்கு மெக்கானிக் ஊவே போயிருக்கிறார் என்றது. பொறியியலாளர் நிமிரவில்லை. நாளுக்கு நான்கு தடவை வரும் செய்தி அது.

செவ்வாய்க்கிழமைகளில் மூன்றாவது வரிசையில் நிற்பது யோகன் என்பது எனக்குத் தெரியும்.

அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வெந்த பாணை அச்சுத் தகரத்தோடு தூக்கிக் கவிழ்த்துக் கொட்டும் பழைய இயந்திரம். தகரம் ஒன்று குறுக்காகச் சிக்கினால் தானாகவே நின்றுவிடும். சிக்கியதை எடுத்துவிட்டால் தானாகவே ஓடத் தொடங்கும். நான் அதைப் பதினான்கு வருடம் கழுவியவள். ஆள் வயிற்றில் படுத்துத் தோள்வரை உள்ளே போனால்தான் அடைப்புக்குக் கை எட்டும். கவிழ்க்கும் இரும்புக் கை சரியாகத் தலைக்கு மேல் நிற்கும்.

ஊவே உள்ளே போகுமுன் ஃப்ரைஷால்ட்டன் செய்தாயா என்று யோகனைக் கேட்பான். யோகன் சுவிட்சைப் பார்ப்பான். அது ஒன்று என்ற இலக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரியும். நான் படிப்பித்தபடி, செய்தாயிற்று என்று சொல்லுவான்.

வரிசைத் தொலைபேசிக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில், காதில் அடைப்பானோடு நிற்கிறவர்களுக்கு அது கேட்காது. ஓடிப்போகலாம். ஆனால் கூடத்துக்குள் போவதற்குக் கோட்டு, தலைக்கு வலைத்தொப்பி, சப்பாத்துக் கழுவுதல் எல்லாம் வேண்டும். கையில் கிருமிநாசினி படாமல் வாசல் கம்பி சுழலாது. எப்படி ஓடினாலும் ஆறு ஏழு நிமிடம். சிக்கிய தகரத்தை இழுத்து எடுக்க அரை நிமிடம் போதும்.

கட்டுப்பாட்டு அறைக்கு எடுத்தேன். அங்கிருந்தவன் என் குரலை அடையாளம் கண்டான்.

"மூன்றாவது வரிசையின் மின்சாரத்தை நிறுத்துங்கள். இப்போதே."

"இங்கேயிருந்து ஒரு வரிசையைத் தனியாக நிறுத்த முடியாது. கூடம் முழுவதும் நிற்கும்."

"கூடம் முழுவதையும் நிறுத்துங்கள்."

"இரண்டு அடுப்புக்குள்ளும் பாண் இருக்கிறது அம்மா. நின்றால் உள்ளேயே கருகும், புகை வரும். ஷிஃப்ட் தலைவர் சொல்லவேண்டும். அவரைக் கூப்பிடட்டுமா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. அவனுக்கு இடப்பட்ட விதி அது. அந்த நேரத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன? ஒன்றுமே இல்லை. ஊவே விதிப்படி தன் பூட்டைச் சுவிட்சில் போட்டிருக்கலாம். யோகன் வேறு யாரிடமாவது அர்த்தத்தைக் கேட்டுத் திருந்தியிருக்கலாம். யோகன் இன்று விடுப்பாகக்கூட இருக்கலாம். நான் நிறுத்தச் சொல்லி, அங்கே எல்லாம் சரியாக இருந்தால், இரண்டு அடுப்புப் பாணைக் கருக்கிய துப்புரவுக்காரி என்ற பெயரோடு அன்றைக்கே ஈரத்தரைக்குத் திரும்பிவிடுவேன். புத்தகத்தில் எல்லாம் தெரிந்துகொண்டு தீர்மானி என்று இருக்கும். அதை எழுதியவர் நல்ல அமைதியான அறையில் இருந்து எழுதியிருக்கிறார்.

"உள்ளே ஆள் இருக்கிறான்" என்றேன். "மின்சாரமும் இருக்கிறது. நிறுத்து." நீங்கள் போய் நீ வந்துவிட்டது.

"உங்கள் பெயரை எழுதிக்கொள்கிறேன்."

"எழுது. முதலில் நிறுத்து."

அவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, எங்கள் காலுக்குக் கீழே எப்போதும் இருக்கும் ஓர் அதிர்வு நின்றது. அது நின்றபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரிந்தது. பொறியியலாளர் எழுந்து நின்று என்னைப் பார்த்தார். இருவரும் ஓடினோம்.

கூடத்தில் அவசர விளக்குகள் மட்டும் எரிந்தன. மூன்றாவது வரிசையில் இயந்திரத்துக்கு வெளியே ஊவேயின் இரண்டு சப்பாத்துகள் தெரிந்தன. அப்போது சப்பாத்துகள் அசைந்தன. ஊவே பின்பக்கமாக நெளிந்து வெளியே வந்தான். கையில் கோணிய அச்சுத் தகரம் இருந்தது. எந்தக் கழுதை விளக்கை நிறுத்தியது, இருட்டில் தடவித் தடவியல்லவா இதை இழுத்து எடுத்தேன் என்று திட்டினான்.

பொறியியலாளர் சுவிட்சைக் காட்டினார். அது ஒன்றில் நின்றது. ஊவேயின் பூட்டு அவன் இடுப்புப் பட்டியிலேயே தொங்கியது. அரை நிமிட வேலைக்கு எதற்குப் பூட்டு என்று நினைத்திருப்பான்.

ஊவே யோகனைப் பார்த்தான். "ஃப்ரைஷால்ட்டன் செய்ததாகச் சொன்னாயே."

யோகன் காதிலிருந்து அடைப்பானை எடுத்துவிட்டு, "ஆமாம், செய்திருக்கிறது" என்று ஜெர்மனில் சொல்லி, ஒன்றில் நின்ற சுவிட்சைக் காட்டினான். சரியாகத்தானே செய்தேன் என்ற முகம். பிறகு, நீங்கள் சொல்லுங்கோ என்பதுபோல என்னைப் பார்த்தான். ஊவே தகரத்தைக் கையில் வைத்தபடியே தரையில் இருந்துவிட்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அரை மணித்தியாலத்துக்குள் ஆலை மேலாளர் வந்துவிட்டார். அடுப்புகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உண்டர்வைசுங் கோப்பைக் கொண்டுவரச் சொல்லி, யோகனின் கையெழுத்தைக் கண்டுபிடித்தார். இவருக்கு விதி விளக்கப்பட்டிருக்கிறது, தெரிந்துகொண்டே பொய் சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். நல்ல முடிவு எடுத்தீர்கள், ஒரு மனிதனைக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்றார். நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு விசாரணை என்று முடிவானது. அன்று பின்னேரம் பஸ் தரிப்பில் யோகன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, பொறியியலாளர் மனுசி இப்பதான் அர்த்தம் சொன்னவா. நாங்கள் ரெண்டு பேரும் பிழையாய் விளங்கி வச்சிருக்கிறம்."

"நான்தான் பிழையாய்ச் சொன்னனான்."

"உதை விடுங்கோ. நீங்கள் சொன்னதெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்களும் சொல்லாதேங்கோ. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தருவினம், அவ்வளவுதான். எங்கடை ஆள் ஒருத்தர் அந்தக் கதிரையிலை இருந்தால் எங்கள் எல்லாருக்கும் நல்லதெல்லோ."

"உம்மடை மனுசியை இங்கை கூப்பிடுற விசா அந்த்ராக் போய்க்கொண்டிருக்கெல்லே?"

"ஓம். வாற மாசம் நேர்முகத்துக்கு டெர்மின் தந்திருக்கினம். வேலை ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும் காட்டினால் சரி. பிள்ளைக்கும் சேர்த்துத்தான். கடிதம் தந்தால் வேலை போகாதுதானே அக்கா?"

"போகாது" என்றேன்.

எனக்கு அதுவும் தெரியாது. தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல அவனுக்கு நான் சொன்னது இது இரண்டாவது தடவை. பஸ் வந்தது, ஏறிப் போனேன். அன்று மாலை சமைத்தேன், சாப்பிட்டேன், செபமாலைகூடச் சொன்னேன். பொறியியலாளரின் கைத்தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. எடுத்துச் சொல்வதற்கு இரண்டு நிமிடம் காணும். முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

காலை வரைக்கும் முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவைத்துப் பார்த்தேன், முடியவில்லை. எட்டு மணிக்கு விசாரணை தொடங்கி, யோகனின் கையெழுத்துத் தாளை மேசையில் வைத்தபோது, நான் எழுந்து நின்றேன். அந்தக் கையெழுத்து செல்லாது, அவனுக்குப் பிழையான அர்த்தத்தைச் சொன்னவள் நான், மற்ற இருபத்திரண்டு பேருக்கும் அப்படியே சொன்னேன் என்றேன். போன் கார்ட் கதையையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. உற்பத்தி மேலாளர் மட்டும், நான் அப்போதே சொன்னேனே என்பதுபோலக் கதிரையில் சாய்ந்தார்.

"இதை நேற்றுச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றார் ஆலை மேலாளர். "நேற்று மாலை ஐந்து மணிக்கே அவரை அனுப்பிய நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டோம். அவர்கள் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள்."

நான் வீட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

கூட்டம் முடிந்ததும் பொறியியலாளர் அலுவலகத்தில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "புத்தகத்தைக் காட்டினீர்கள். நான் அர்த்தம் சொன்னேன். நீங்கள் ஒன்றுமில்லை என்றீர்கள். அதற்குப் பிறகு வானொலியில் செய்தி வரும்வரை எவ்வளவு நேரம்?"

"நான்கு நிமிடம் இருக்கும்."

"செய்தி வந்திராவிட்டால்?"

"மத்தியானம் போய் இரகசியமாகத் திருத்தியிருப்பேன்."

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்லைப் பிழையாகச் சொன்னதற்கு உங்களை அனுப்பமாட்டேன். நாங்கள் கையெழுத்தை எண்ணினோம், விளங்கியதா என்று ஒருவரையும் கேட்கவில்லை. அது எங்கள் பிழை. கூடத்தை நிறுத்தினீர்களே, அதை அந்த அறையில் இருந்த ஆண்களில் பாதிப்பேர் செய்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த நான்கு நிமிடத்தை நான் என்ன செய்வது? அதை எந்த வகுப்பிலும் படிப்பிக்க முடியாது."

சோதனைக்காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். என்னை நம்பிச் செய்தாரா, வேறு ஆள் இல்லாமல் செய்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஊவேக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. யோகன் மேல் பிழையில்லை என்று அவனை அனுப்பிய நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தார்கள். நான்தான் அதை விடாமல் நச்சரித்து எழுதுவித்தேன்.

அந்தக் கிழமையே மற்ற இருபத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராக இயந்திரத்தடிக்குக் கூட்டிப்போனேன். தாளும் இல்லை, பேனாவும் இல்லை. ஃப்ரைஷால்ட்டன் செய்து காட்டுங்கோ என்று மட்டும் சொன்னேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் சுவிட்சை ஒன்றுக்குத் திருப்பினார்கள். திருகோணமலை அண்ணை ஒருவர், ஊரில் மின்வேலை செய்தவர், ஒரு சொல்லும் கேட்காமல் பூச்சியத்துக்குத் திருப்பி, பூட்டுப் போடும் துளையையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"அண்ணை, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அண்டைக்கு நான் பிழையாய்ச் சொல்லேக்கை ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"தெரியும் பிள்ளை. பத்துப் பேருக்கு முன்னாலை உம்மை மறுத்துக் கதைக்கிறது வடிவில்லையெண்டு விட்டிட்டன். பிறகு தனியச் சொல்லுவம் எண்டிருந்தன். மறந்துபோனன்."

எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன தகுதி என்றும் வந்தது. அவர் என் மரியாதையைக் காப்பாற்றினார். யோகன் என் கதிரையைக் காப்பாற்றப் பார்த்தான். நான் என்னையே காப்பாற்றினேன். எல்லோரும் நல்லவர்கள்தான். நடுவில் ஊவேயின் தலை இருந்தது.

ஆகவே கார்ஹிங் தம்பிக்கும், உங்களுக்கும், எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அனுபவம் இல்லை என்று வெட்கப்படாதீர்கள். நேர்காணலில் தெரியாது என்று சொல்லப் பயப்படாதீர்கள். முதல் வருடம் நிறையப் பிழை விடுவீர்கள், விடாமல் இருக்க ஏலாது. பிழை என்று தெரிந்த அந்த நிமிடத்தில் வாய் தானாக ஒன்றுமில்லை என்று சொல்லும். மிச்சம் எல்லாவற்றையும் நிறுவனம் படிப்பித்துத் தரும். அந்த நிமிடத்தில் உங்களோடு யாரும் இருக்கமாட்டார்கள்.

நான் தொழிலில் நிலைத்துவிட்டேன். இரவு வகுப்புக்குப் போய் மைஸ்டர் என்ற தொழில்தேர்ச்சிப் பரீட்சை எழுதினேன், அதற்கு மேலும் படித்தேன், போன வருடம் ஓய்வு பெறும்வரை அந்தக் கதிரையில்தான் இருந்தேன். யோகனுக்கு இரண்டு மாதம் வேலை கிடைக்கவில்லை. பிறகு ஒரு களஞ்சியசாலையில் எடுத்தார்கள். புது வேலை என்பதால் புதிதாகச் சம்பளச் சீட்டுகள் சேரவேண்டும் என்று அவன் மனைவியின் அந்த்ராக்கைத் தள்ளிப்போட்டார்கள். எத்தனையோ தடவை நான் கூடப்போய் விளங்கப்படுத்தினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். விதி விதிதான் என்றார்.

கடைசியில் மனைவியும் பிள்ளையும் வந்த நாளில் யோகனிடம் கார் இல்லை. ஸ்டுட்கார்ட் விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனோம். கண்ணாடிக் கதவு திறந்து மனைவி வந்தாள். சின்னப் பெண். மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்து வந்தாள். யோகன் முழங்காலில் நின்று கையை நீட்டினான். பிள்ளை அவனைப் பார்த்துவிட்டுத் தாயின் காலுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டது.

கார் நிறுத்தத்தில் அவள் என்னிடம் வந்தாள். "நீங்கள்தானே அந்த அக்கா? ஒரு ஆளை மெசினுக்குள்ளை இருந்து காப்பாத்தினனீங்கள் எண்டு இவர் போனிலை சொன்னவர்."

யோகன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே, "ஓம், அவதான்" என்றான்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "உம்மடை மனுசனுக்கு வேலை போனது என்னாலைதான். நான் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் எப்பவோ வந்திருப்பியள்."

அவள் யோகனைப் பார்த்தாள். அவன் பெட்டியைப் பார்த்தான். இதை அவன் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது.

"எட்டு மாசம் பிந்திப்போச்சு அக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "இவள் அப்பத்தான் நடக்கத் தொடங்கினவள். இவர் அதைக் காணேல்லை."

பிறகு குனிந்து பிள்ளையைத் தூக்கிப் பின் இருக்கையில் இருத்தினாள்.